பெற்றவள் வாயால்

சூரியன் இறங்குவதைப் பார்க்க மலையேற வேண்டுமா என்ன, அது பாட்டுக்குத் தினமும் இறங்கிக்கொண்டுதானே இருக்கிறது, கடை வாசலில் சமூசா மடித்துக்கொண்டே எத்தனை தரம் பார்த்தாயிற்று என்று சௌந்தரத்துக்கு வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. மருமகள் தவமணி கேட்ட விதம் அப்படி. அடுப்பு மேடையைத் துடைத்துக்கொண்டே, முகத்தைக் காட்டாமல், மத்தியானத்தோடு கடையை மூடிவிட்டு மலைக்குப் போய் வரலாமா அத்தை, மேலே இருந்து ஊரைப் பார்த்து ரொம்ப நாளாச்சே, அந்தி சாய்கிறதையும் பார்த்துவிட்டு வரலாமே என்றாள். ஊரைப் பார்க்கணுமாம். பர்மாவில் இந்த மண்டலேயிலேயே பிறந்து, இந்த மண்டலேயிலேயே வாக்கப்பட்டு, எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் நின்று கருகுகிற பிள்ளைக்குத் திடீரென்று ஊரைப் பார்க்க ஆசை. சௌந்தரம் என்ன பச்சைப் பிள்ளையா. வீட்டில் வைத்துப் பேச முடியாது, பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் மாரியக்காவுக்கு இரண்டு காது போதாமல் இருக்கிறது, அதனால் மலைக்குக் கூட்டிப் போகிறாள், அங்கே உட்கார வைத்து அந்தக் கேள்வியைக் கேட்கப் போகிறாள், இவ்வளவுதான் விஷயம். அந்தக் கேள்வி வந்து சேராத தூரத்துக்கு எங்கேயாவது ஓடிவிடலாமா என்றிருந்தது. ஆனாலும் பெட்டியைத் திறந்து மடிப்புக் கலையாத பர்மா லுங்கியை எடுத்துக் கட்டிக்கொண்டு கிளம்பித்தான் வந்தாள். அடிவாரத்தில் இரண்டு வெள்ளைச் சிங்கங்கள் மரத்தைவிட உசரமாக உட்கார்ந்திருந்தன. இருவரும் செருப்பைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார்கள். புத்தர் மலை, அடிவாரத்திலிருந்தே வெறுங்காலோடுதான் ஏற வேண்டும்.

கேள்வி என்ன என்பது தெரு முழுக்கத் தெரியும். சௌந்தரத்தின் ஒரே மகன் கதிரேசன் தாய்லாந்துக்கு மீன் கம்பெனி வேலை என்று போனான். தவமணிக்குத் தாலி கட்டி அப்போது ஒரு வருஷம்கூட ஆகவில்லை. போன புதிதில் போன் வந்தது, சாப்பாடு சரியில்லை, ஒரே ரூமில் பத்துப் பேர், ஆனால் பரவாயில்லம்மா என்றான். அப்புறம் போட்டில் கடலுக்குப் போகச் சொல்கிறார்கள் என்றான். அப்புறம் போன் இல்லை. அவ்வளவுதான், அதற்கு வாலும் இல்லை தலையும் இல்லை, அஞ்சாறு வருஷம் ஓடிப்போயிற்று. கூடப் போனவர்களில் ஒருத்தன் திரும்பி வந்து, ஒரு சாயங்காலம் வீடு தேடி வந்து உட்கார்ந்து, கொடுத்த டீயைக் குடித்து, தலையைக் குனிந்தபடியே இருந்துவிட்டு எழுந்து போனான். அவன் ஒன்றும் சொல்லவில்லை, ஆகையால் ஒன்றும் ஆகவில்லை என்று சௌந்தரம் வைத்துக்கொண்டாள். இப்போது தனபாலன் வந்திருக்கிறான். மோட்டார் ரிப்பேர்க்காரன், பெண்டாட்டியைக் காய்ச்சலில் வாரிக் கொடுத்தவன், நம் ஆள்தான், குறை சொல்ல ஒன்றும் இல்லை, அதுதான் பெரிய குறையாக இருக்கிறது. தவமணியைத் தனக்குக் கட்டித் தருவீர்களா என்று மாரியக்கா மூலமாகக் கேட்டான். கோயில் பெரியவர்கள் கூடிப் பேசி ஒரு நியாயம் சொன்னார்கள். ஒரு தாலி கழுத்தில் கிடக்கும்போது இன்னொரு தாலி ஏறாது, போனவன் போய்விட்டான் என்று ஆக வேண்டும், தர்ப்பையில் ஆள் மாதிரி செய்து கொளுத்திக் கருமம் முடித்துவிட்டால் பிள்ளைக்கு வழி பிறந்துவிடும், ஆனால் பெற்றவள் உயிரோடு இருக்கிறாள், அவள் வாயால் போய்விட்டான் என்று சொல்லாமல் நாங்கள் தர்ப்பையைத் தொட மாட்டோம் என்றார்கள். நல்ல நியாயம். பத்து ஆம்பளைகள் உட்கார்ந்து, அவர்களால் தூக்க முடியாததைத் தூக்கி ஒரு பொம்பளை நாக்கில் வைத்துவிட்டு, வேட்டியைத் தட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

படி ஏற ஏறக் கூரை போட்ட நடையில் காற்று குளிர்ந்துகொண்டே வந்தது, காலடியில் தரை வழவழவென்று இருந்தது, தவமணி இரண்டு படி முன்னால் போய்க்கொண்டிருந்தாள். பின்னாலிருந்து பார்க்க இன்னும் கல்யாணப் பெண் மாதிரிதான் இருக்கிறாள். முழங்கையில் எண்ணெய் தெறித்த தழும்பு. கழுத்தில் அந்தக் கயிறு, மஞ்சள் போய்க் கறுத்து, வருஷா வருஷம் சௌந்தரமே மாற்றிக் கட்டிவிடுகிற கயிறு. இப்போதே கேட்டுத் தொலைத்தால் என்ன, படியில் வைத்துக் கேட்டால் மூச்சு வாங்குகிறது என்று பதில் சொல்லாமல் தப்பிக்கலாம். மாவரைக்கிற கிரைண்டர் மோட்டார் கெட்டுப்போய்த் தனபாலன் வந்து திறந்து போட்ட அன்றைக்குத்தான் எல்லாம் தெரிந்தது. உள்ளே இருந்து என்னவோ உளுந்துக் கட்டியாக எடுத்து, இது மோட்டாரா உங்க மாவுப் பானையா என்று கேட்டிருக்கிறான். தவமணி சிரித்தாள். சௌந்தரம் பின்கட்டில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். யார் சிரிக்கிறது, யார் வீட்டுப் பெண் என்று ஒரு நிமிஷம் உண்மையாகவே புரியவில்லை. அப்புறம் வந்தது கோபம், அப்படி ஒரு கோபம், என் பிள்ளை எங்கே கிடக்கிறானோ, நீ பல்லைக் காட்டுகிறாயா என்று கத்திக்கொண்டு ஓட இருந்தாள். கையில் கத்தி வேறு. போகவில்லை. ஒரு பிள்ளை அஞ்சாறு வருஷமாகச் சிரிக்காமல் இருந்திருக்கிறது, அது இந்த வீட்டில் நடந்திருக்கிறது, பக்கத்திலேயே படுத்து எழுந்துகொண்டு நீ அதைக் கவனிக்கவே இல்லையே சௌந்தரம் என்று ஒரு குரல் கேட்டது. அந்த இடத்திலேயே உட்கார்ந்து வெங்காயத்தின் மேல் பழியைப் போட்டு அழுது முடித்தாள்.

பாதி மலையில் தண்ணீர் குடிக்க நின்றார்கள். திங்களா, செவ்வாயா. ஆரம்பித்துவிட்டது. இந்த மலைக்கு வந்தாலே இது ஆரம்பித்துவிடும், புடவையில் ஒட்டுகிற நாயுருவி மாதிரி எடுக்க எடுக்க ஒட்டும். பர்மாக்காரர்கள் கோயிலில் ஒவ்வொரு கிழமைக்கும் ஒரு மூலை உண்டு, அங்கே ஒரு சின்னப் புத்தர், அவருக்குக் கீழே அந்தக் கிழமைக்குரிய மிருகம். எந்தக் கிழமையில் பிறந்தோமோ அந்த மூலையில் கிண்ணத்தால் தண்ணீர் மொண்டு ஊற்ற வேண்டும், நமக்காகவும் ஊற்றலாம், நமக்கு வேண்டியவர்களுக்காகவும் ஊற்றலாம். திங்களுக்குப் புலி, செவ்வாய்க்குச் சிங்கம். கதிரேசன் பிறந்தது விடியலுக்கு முந்தி. மழை, கரண்டு இல்லை, டார்ச் வெளிச்சத்தில் பிரசவம். பர்மாக்கார நர்சம்மா நடுராத்திரி தாண்டிவிட்டது, செவ்வாய்க்கிழமைப் பிள்ளை என்று எழுதிவிட்டாள். சௌந்தரத்தின் புருஷன் சுப்பையா, இப்போது இல்லை, புண்ணியவான், நேரே கோயிலுக்குப் போய்க் கேட்டுவிட்டு வந்து, சூரியன் உதித்தால்தானே மறுநாள், நம் கணக்கில் இது திங்கட்கிழமைதான் என்று அடித்துச் சொன்னார். ஒரே பிள்ளை, இரண்டு கிழமை. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் செவ்வாய்க்கு ஏற்ற எழுத்தில் சோ மின் என்று பர்மாப் பேர் வைத்தார், வீட்டில் திங்களுக்கு விளக்கேற்றிக் கதிரேசன் என்று கூப்பிட்டார்கள். அவன் சின்னதில் அதைச் சொல்லிச் சொல்லிக் கேலி பண்ணுவான், இன்னைக்கு நான் புலி, நாளைக்குச் சிங்கம், ஆகையால் ரெண்டு நாளும் எனக்குப் பாயசம் வை என்பான். வைத்தாள். அவன் போன பிறகு சுப்பையா சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட்டு, ஒவ்வொரு தரமும் புலி மூலையில்தான் ஊற்றினாள். ஆனால் தப்பான மூலையாக இருந்தால்? வேறு எவளோ பெற்ற திங்கட்கிழமைப் பிள்ளைக்கு இவள் தண்ணீர் போய்ச் சேர்ந்து, அவன் எங்கோ பத்திரமாகக் கப்பலிலிருந்து இறங்கி வீடு போய்ச் சேர்ந்து, இவள் பிள்ளை மட்டும் எந்தக் கணக்கிலும் இல்லாமல் நடுக்கடலில் நின்றுகொண்டிருந்தால்?  ஆனாலும் இந்த எண்ணத்தை அவள் விட்டதில்லை. ஏனென்றால் தப்பு மூலை என்றால் என்றைக்காவது திருத்திக்கொள்ளலாம்.

இன்னும் மேலே போகிற வழியில் ஒரு அரக்கி சிலையாக மண்டியிட்டிருக்கிறாள். சண்டமுகி என்று பேர். புத்தர் இந்த மலைக்கு வந்தபோது, கொடுப்பதற்குக் கையில் ஒன்றும் இல்லாமல், தன் மார்பு இரண்டையும் அறுத்துத் தட்டில் வைத்துக் கொடுத்தாளாம். அவர் சிரித்து, நீ அடுத்த பிறவியில் இங்கே ராஜாவாகப் பிறப்பாய் என்றாராம். சுற்றுலா வந்த வெள்ளைக்காரி ஒருத்தி அதைப் போட்டோ எடுத்துக்கொண்டு முகத்தைச் சுளித்தாள். சௌந்தரம் எப்போதும் இங்கே கண்ணை மூடிக்கொண்டு தாண்டிவிடுவாள். இன்றைக்கு ஏனோ நின்றுவிட்டாள். கதிரேசனுக்கு மூன்று வயசு வரைக்கும் பால். வேப்பெண்ணெய் தடவிப் பார்த்தாள், முகத்தைக் கோணிக்கொண்டு அதோடேயே குடித்தான். பல் முளைத்த புதிதில் கடித்துவிட்டு, அவள் ஐயோ என்றதும் அவனும் அழுதான், கடிபட்டவளைவிடக் கடித்தவனுக்குத்தான் அழுகை ஜாஸ்தி. எப்பேர்ப்பட்ட பிள்ளை. அதுகூடப் பரவாயில்லை, அவன் வாய் பட்ட இடம் இப்போதும் சில ராத்திரி ஊறுகிற மாதிரி இருக்கிறது, எழுந்து உட்கார்ந்துவிடுவாள், அவனுக்குப் பசிக்கிறது என்று தோன்றும். அறுபதை எட்டிப் பிடிக்கப் போகிறவளுக்கு. சொன்னால் சிரிப்பார்கள். அறுத்துக் கொடு என்றால் கொடுத்துவிடலாம், இந்த அரக்கி செய்தது லேசு. என்னை வாயால் அல்லவா அறுக்கச் சொல்கிறார்கள். என்ன அத்தை, கால் வலிக்குதா என்று தவமணி திரும்பி வந்து கையைப் பிடித்தாள். அந்தக் கையைப் பிடித்துக்கொண்டுதான் மிச்சப் படியை ஏறினாள்.

உச்சியில் திருவிழாக் கூட்டம். கண்ணாடிச் சில்லு பதித்த தூண்களில் மஞ்சள் வெயில் நொறுங்கிக் கிடந்தது. மேற்குப் பக்கக் கைப்பிடிச் சுவரை வெளிநாட்டுக்காரர்கள் இப்போதே பிடித்துக்கொண்டு, காமிராவைக் குறி பார்த்துக்கொண்டிருந்தார்கள். இளவயசுப் பிக்குகள் இரண்டு பேர் அவர்களிடம் வலியப் போய் இங்கிலீஷ் பேசிப் பழகிக்கொண்டிருந்தார்கள். சௌந்தரம் வழக்கம் போலப் புலி மூலைக்குப் போனாள். தண்ணீர் மொண்டாள், ஊற்றினாள், புத்தர் தலையிலிருந்து வழிந்து புலி முதுகில் சொட்டியது, நல்லபடியா வெச்சிரு, எங்கே இருந்தாலும் நல்லபடியா வெச்சிரு. திரும்பிப் பார்த்தால் தவமணியைக் காணோம். அவள் பிறந்தது வெள்ளி, அந்த மூலையிலும் இல்லை. கூட்டத்தை விலக்கிப் போய்ப் பார்த்தால் சிங்கத்துக்கு முன்னால் நிற்கிறாள். கண்ணை மூடிக்கொண்டு, உதடு அசைய, கிண்ணம் கிண்ணமாக ஊற்றிக்கொண்டிருக்கிறாள். சௌந்தரத்துக்குச் சுர்ரென்று ஏறியது. உன்னை யார் இங்கே ஊற்றச் சொன்னது என்று பக்கத்தில் போய்க் கேட்டாள். தவமணி திருடி அகப்பட்டவள் மாதிரி கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"எப்பவும் ஊத்துவேன் அத்தை. நீங்க புலிகிட்ட ஊத்துறீங்க. அவரு செவ்வாக்கிழமைன்னுதான் எங்கிட்டச் சொல்லியிருக்காரு. அதான் நீங்க அங்க நிக்கிறப்ப நான் இங்க வந்துருவேன். ரெண்டுல ஒண்ணு சரியாத்தானே இருக்கும்."

எப்பவும் என்றால், எல்லாத் தடவையுமா. எல்லாத் தடவையும். கல்யாணமான புதிதிலிருந்தா. அவரு போனதிலிருந்து. சௌந்தரம் சுவர் ஓரமாக ஒரு இடம் பார்த்து உட்கார்ந்தாள், தவமணி பக்கத்தில் உட்கார்ந்தாள். கீழே ஊர் விரிந்து கிடந்தது, அரண்மனை அகழி நான்கு பக்கமும் நேர்க்கோடாக மினுங்கியது, வெள்ளை வெள்ளையாய்க் கல்வெட்டுக் கோயில்கள், மேற்கே ஐராவதி ஆறு, அதற்கு அந்தப் பக்கம் மலை. அந்தக் குடிசைக் கூட்டத்தில் நம் கடை எது என்று தவமணி விரலை நீட்டித் தேடினாள். சௌந்தரம் அந்தப் பக்கம் பார்ப்பது போல முகத்தை வைத்துக்கொண்டாள். ஆக, இரண்டு மூலையிலும் தண்ணீர் போயிருக்கிறது. புலிக்கும் போயிருக்கிறது, சிங்கத்துக்கும் போயிருக்கிறது. ஒரு தரம்கூடத் தவறவில்லை. இந்தப் பிள்ளை சத்தம் காட்டாமல் மறு பக்கத்தை அடைத்துக்கொண்டு நின்றிருக்கிறது, அத்தனை வருஷமும், அத்தையின் மனம் நோகக் கூடாது என்று ஒளிந்து ஒளிந்து. நல்ல பிள்ளை, தங்கமான பிள்ளை, என் வயிற்றில் பிறந்திருக்க வேண்டியவள். அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல் இருந்தது, அதே சமயம் அவளைப் பிடித்துத் தள்ளிவிட வேண்டும் போலவும் இருந்தது. ஏனென்றால் இனிமேல் தப்பு மூலை என்று சொல்லிக்கொள்ள முடியாது. கிழமை இன்னதென்று தெரியாமல் போனாலும் போகட்டும், இரண்டும் செய்தாயிற்று, செய்ய வேண்டியது எல்லாம் செய்தாயிற்று. அப்படியும் அவன் வரவில்லை.

அப்படியும் வரவில்லை. இதை இன்னொரு தரம் சொல்லிப் பார்த்தாள், உள்ளுக்குள்ளேதான்.  வேறு ஏதாவது நினைக்க வேண்டும். நாளைக்குக் கடலை மாவு வாங்க வேண்டும். உருளைக்கிழங்கு முளை விட்டிருக்கிறது. சுப்பையா சொல்லுவார், அவர் அப்பா காலத்தில் சண்டைக்குப் போன ஒருத்தன் செத்தான் என்று கருமம் பண்ணிவிட்டார்களாம், பெண்டாட்டிக்கு வெள்ளைப் புடவை கொடுத்தாயிற்று, ஒரு நாள் அவன் சாக்குப்பையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் வந்து நிற்கிறான், வீட்டில் ஒருத்தரும் வா என்று சொல்லவில்லை, பேய் என்று கதவைச் சாத்திக்கொண்டார்கள். கதிரேசனும் அப்படி வந்து நின்றால்? அம்மா என்று கூப்பிட்டால்? தவமணி வேறு வீட்டில் வேறு ஒருத்தனுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தால்? நீயே சொன்னியாம்மா, உன் வாயால சொன்னியா என்று கேட்டால் முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது. கேட்கட்டும், வந்து கேட்கட்டும், கேட்பதற்காகவாவது வரட்டும், செருப்பால் அடிக்கட்டும், வாசலில் படுத்து வாங்கிக்கொள்கிறேன். ஆனால் அந்தப் பையன் டீயைக் குடித்துவிட்டுத் தலையைத் தூக்காமல் போனானே. அவன் ஏன் தலையைத் தூக்கவில்லை. அன்றைக்கு நீ ஏன் கேட்கவில்லை சௌந்தரம். அவன் கையைப் பிடித்து உலுக்கி, சொல்லுடா என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும், இந்தப் பிள்ளை இத்தனை நாள் சிரிக்காமல் கிடந்திருக்க மாட்டாள். கேட்டால் சொல்லிவிடுவான் என்று தெரிந்துதான் கேட்கவில்லை. தெரியும். அன்றைக்கே தெரியும். இன்னொரு டீ வேண்டுமா தம்பி என்றுதான் கேட்டாள்.

சூரியன் ஆற்றுக்கு மேலே சிவந்து தொங்கியது. பேசிக்கொண்டிருந்த கூட்டம் தன்னால் அடங்கிப் போயிற்று, யாரும் சொல்லாமலே அத்தனை பேரும் ஒரே பக்கம் பார்த்தார்கள். இப்போது கேட்பாள். தவமணி வாயைத் திறந்தாள், ஆனால் அவள் சொன்னது, ஆத்துத் தண்ணியைப் பாருங்கத்தை, எவ்வளவு அழகா இருக்கு என்று மட்டும்தான்.  கயிற்றை விரலில் சுற்றுகிறாள், விடுகிறாள், சுற்றுகிறாள். சூரியனின் அடி மலையில் பட்டது, பாதி போயிற்று, ஒரு கீற்று, அதுவும் இல்லை. காமிராக்காரர்கள் லேசாகக் கை தட்டினார்கள். தவமணி எழுந்து லுங்கியைத் தட்டிவிட்டுக்கொண்டு, இருட்டிரும், போவமா அத்தை என்றாள். கேட்கவில்லை. கேட்கப் போவதும் இல்லை. இந்த மலையிலிருந்து இறங்கி, நாளைக்கும் அடுப்புக்கு முன்னால் நின்று, தனபாலன் வந்தால் உள்ளே போய்விடுவாள், அவன் எத்தனை நாள் காத்திருப்பான், வேறு இடம் பார்த்துக்கொள்வான், இவள் தலை நரைக்கும், கடைசியில் மாமியாரும் மருமகளும் இரண்டு கிழவிகளாக உட்கார்ந்து சமூசா மடிப்பார்கள். அப்படியே விட்டுவிடலாம். ஒரு வார்த்தை செலவில்லை. எழுந்து கூடவே இறங்கிவிட்டால் போதும், பிள்ளை உயிரோடு இருப்பான். விளக்கு வைக்கிற நேரம் வேறு, கெட்ட வார்த்தை ஒன்று வாயில் வரக் கூடாத நேரம். கால் எழுந்திருக்கத்தான் பார்த்தது.

"உக்காரு தவமணி" என்றாள். அவள் உட்கார்ந்தாள். "கோயில்ல நாள் பாக்கச் சொல்லிரலாம். பொம்மை செஞ்சு கொளுத்தட்டும். அவன் போயிட்டான்டி."

சொல்லிவிட்டாள். குரல் அவள் குரலாகவே இல்லை, சந்தையில் யாரோ விலை சொல்கிற மாதிரி இருந்தது. இனி இந்தப் பிள்ளை அழும், கையைப் பிடித்துக்கொள்ளும், அத்தை உங்களுக்கு எவ்வளவு பெரிய மனசு என்று சொல்லும், அதைக் கேட்டுக்கொண்டு எப்படியாவது படி இறங்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள். தவமணி அசையவில்லை. அந்த மங்கலிலும் முகம் வெளுத்துப் போனது தெரிந்தது.

"நீங்க மாட்டேன்னு சொல்லுவீங்கன்னுதானே அத்தை கூட்டியாந்தேன்" என்றாள். "எனக்கு எப்பவோ அவரு முகமே மறந்துபோச்சு. நீங்க இருக்கான் இருக்கான்னு சொல்றதை வெச்சுத்தான் நானும் இருக்காருன்னு இருந்தேன். நீங்களே இப்பிடிச் சொல்லிட்டா..."

  அப்படியே சௌந்தரத்தின் மடியில் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டு, இல்லைன்னு சொல்லுங்கத்தை, வாய் தவறி வந்துருச்சுன்னு சொல்லுங்க, ஒரே ஒரு தரம் சொல்லுங்க என்று அரற்றினாள், போன் நின்ற நாளிலிருந்து ஒரு தரம்கூட வாய்விட்டு அழாதவள். போய்க்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பிக்குகளில் ஒருவர் கிட்டத்தில் வந்து நின்றுவிட்டு, என்ன செய்வதென்று தெரியாமல் விலகிப் போனார். சொல்லிவிட்டால் என்ன. அவளுக்கும் அதுதானே வேண்டும், எனக்கும் அதுதானே வேண்டும், இருக்கிற இரண்டு பேருக்கும் வேண்டியதைச் சொல்ல என்ன தடை, தூ தூ என்று துப்பிவிட்டு, போடி பைத்தியக்காரி, அவன் இருக்கான்டி என்று சொன்னால் இந்தப் பிள்ளை கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்துவிடும், இரண்டு பேரும் கையைக் கோத்துக்கொண்டு இறங்கலாம், அவனையும் கூடவே வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகலாம். நாக்கின் நுனியில் நின்றது அது. மடி நனைந்து தொடையில் சூடு பட்டது. சௌந்தரம் மருமகளின் தலையைத் தடவிக்கொடுத்துக்கொண்டே இருந்தாள், வாயைத் திறக்கவில்லை.